இடது பக்க ஸீட்

காரில் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து போகும்போது உங்கள் வலது கால் என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் அது தானாக நீண்டு, அங்கே இல்லாத பிரேக்கை ஓர் அழுத்து அழுத்தும். எனக்கு இந்த வியாதி 25 வருஷமாக இருக்கிறது. சொந்தக் கார், கால் டாக்ஸி, கல்யாண வேன் என்று எதில் முன்னால் உட்கார்ந்தாலும் இறங்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

"அப்பா, அந்தப் பக்கம் பிரேக் கிடையாதுப்பா" என்பாள் என் மகள். எனக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை.

அப்படிப்பட்ட என்னை அவள் கோயம்புத்தூரிலிருந்து போனில் கூப்பிட்டாள். அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வயது 23.

"அப்பா, சனி, ஞாயிறு வர முடியுமா? ரேலி ஸ்கூல்ல சேர்ந்திருக்கேன். ரெண்டு ரெண்டு பேராத்தான் எடுத்துக்குவாங்க. கூட வர்றேன்னு சொன்னவளுக்கு டெங்கு. பணம் திருப்பித் தர மாட்டாங்களாம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், "எந்தக் கட்சி?" என்றார்.

"கட்சி இல்ல பாட்டி, கார் ரேலி."

"அது எதுக்குடி உனக்கு?" என்று பாட்டி கேட்டது எனக்கும் நியாயமாகவே பட்டது. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் உத்தேசம் வேறு. கூடவே போய் இரண்டு நாள் பார்த்து, பத்துக் கேள்வி கேட்டு, "பார்த்தியா, எத்தனை ஆபத்து" என்று இந்தக் கதையை அங்கேயே முடித்துவைப்பது. பெண்ணிடம் போனில் "வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

ரேஸ் வேறு, ரேலி வேறு. ரேஸில் ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி எல்லாரும் சேர்ந்து ஓட்டுவார்கள். ரேலியில் நிஜமான சாலை. மண் ரோடு, மலை ரோடு, தோட்டத்துக்குள் போகும் வண்டித்தடம். போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ஒரு கார் போய் ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து அடுத்த காரை விடுவார்கள். முந்துவதற்கு முன்னால் யாரும் இல்லை, கடிகாரம்தான் எதிராளி. அந்தத் துண்டுச் சாலைக்கு ஸ்டேஜ் என்று பெயர். எல்லா ஸ்டேஜையும் கூட்டி யார் குறைந்த நேரம் எடுத்தாரோ அவர் ஜெயித்தவர். 1973-லிருந்து இதற்கு உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. இன்னொரு பெரிய வித்தியாசம், ரேலி காரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஓட்டுகிறவர் ஒருவர். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர்.

இதெல்லாம் கோயம்புத்தூரில் நடப்பதில் ஆச்சரியமில்லை. லேத்தும் பம்ப்செட்டும் மோட்டாருமாக வளர்ந்த ஊர். ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதன் அந்த ஊர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ஓடுபாதைக்கு அவர் பெயர்தான். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் அந்த ஊர்தான். அவருடைய அப்பா ரேலிக்காரர். தென்னிந்திய ரேலியைப் பலமுறை ஜெயித்தவர். சென்னைக்காரர்களும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் கார் பந்தயம் பார்த்த தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வகுப்பு நடந்த இடம் பல்லடத்துக்குத் தெற்கே, கேத்தனூர்ப் பக்கம், ஒரு தனியார் நிலம். தேசிய ரேலிப் போட்டியின் கோவைச் சுற்றுகள் இந்தப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு நடுவில் நடந்திருக்கின்றன. 'காட்டுக்குள்ள ஓட்டணும்' என்று அவர்கள் சொன்னதும் நான் யானை, சிறுத்தை என்று கற்பனை செய்திருந்தேன். கொங்கு நாட்டில் காடு என்றால் விவசாய நிலம். கிளுவை வேலி, அங்கங்கே வேலாமரம், தலைக்கு மேல் விசிறிக்கொண்டே இருக்கும் ராட்சதக் காற்றாடிகள். அவற்றுக்குப் போட்ட மண் பாதைகள்தான் எங்கள் பள்ளிக்கூடம்.

மொத்தம் பன்னிரண்டு பேர், ஆறு ஜோடி. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் கணவன் மனைவி, ஒரே மாதிரி தாடி வைத்த இரண்டு கல்லூரிப் பையன்கள், ஒரு பல் டாக்டரும் அவர் தம்பியும், இன்னும் சிலர். ஐம்பதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். கார்கள் இரண்டு. இரண்டும் மாருதி எஸ்டீம். அந்தக் கார் வருவது நின்று வருஷக்கணக்காகிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன். பின் ஸீட், கார்ப்பெட், டேப்ரெக்கார்டர் எதுவும் இல்லை. கூரையை ஒட்டி நான்கு பக்கமும் கனமான இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க. "உருண்டாலும்" என்று அவர்கள் சாதாரணமாகச் சொன்னது என் பத்துக் கேள்விகளில் முதல் கேள்வியானது.

பயிற்சியாளர் ஒரு காலத்தில் ரேலி ஓட்டியவர், இப்போது பட்டறை வைத்திருக்கிறார். மெல்லிய மனிதர், அதைவிட மெல்லிய குரல். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தால், முதல் ஒரு மணி நேரம் உட்காருவதைப் பற்றிப் பேசினார். தோள் ஸீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். கிளட்ச்சை முழுசாக மிதித்தபிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும். நாளைக் காலையில் நீங்களும் செய்து பாருங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் காரில் மாப்பிள்ளை சோபாவில் சாய்கிற மாதிரிதான் சாய்ந்திருக்கிறோம். நான் 30 வருஷமாக அப்படித்தான்.

அடுத்தது கண்.

"நீங்க எங்க பாக்கறீங்களோ அங்கதாங்க கார் போகும். வேலியப் பாத்தா வேலிக்குப் போகும். போகவேண்டிய எடத்தப் பாருங்க" என்றார். நட்டுவைத்த கூம்புகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓட்டச் சொன்னார். கூம்பை இடித்துவிடக்கூடாது என்று கூம்பையே பார்த்த பல் டாக்டர் ஐந்து கூம்புகளைச் சாய்த்தார். இடைவெளியைப் பார்த்த அவருடைய தம்பி ஒன்றுகூடச் சாய்க்கவில்லை. டாக்டர் அதற்குக் கூம்புகளின் நிறத்தைக் குற்றம் சொன்னார்.

பிறகு டயர். ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் நம் உள்ளங்கை அளவுதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு டன் எடையுள்ள காரையும் உள்ளே இருக்கும் குடும்பத்தையும் ரோட்டில் பிடித்துவைத்திருப்பவை நான்கு உள்ளங்கைகள்.

"டயரோட பிடிமானம் மாசச் சம்பளம் மாதிரிங்க" என்றார். "பிரேக்குக்கும் அதுலதான் செலவு பண்ணணும், திரும்பறதுக்கும் அதுலதான். பிரேக்குக்கே மொத்தத்தையும் குடுத்துட்டா திரும்பறதுக்குக் கையில காசு இருக்காது. கடன்காரன் வந்து வேலில நிப்பான். அதனால பிரேக்க நேரா இருக்கறப்பவே முடிச்சிருங்க. அப்புறம் திரும்புங்க. அதுக்கப்புறம் கால ஆக்ஸிலேட்டர்ல வைங்க."

இதைவிட நல்ல பௌதிகப் பாடம் நான் கேட்டதில்லை. இன்னொன்றும் சொன்னார். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. நல்ல தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் 9 மீட்டரில் நிற்கிற கார், 80-ல் சுமார் 36 மீட்டர் கேட்கும். அதுவும் பிரேக்கில் கால் வைத்த பிறகு. பார்த்து, மூளைக்கு எட்டி, கால் நகருவதற்கு ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் 22 மீட்டர் போயிருக்கும். மைதானத்தில் இந்தத் தூரங்களைச் சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டினார். 9 மீட்டர்க் கோட்டில் நின்றுகொண்டு கடைசிக் கோட்டைப் பார்த்தால் வயிறு கொஞ்சம் கலங்குகிறது. நெடுஞ்சாலையில் நாம் முன்னால் போகிற வண்டிக்கு விடுகிற இடம் அந்த 9 மீட்டர்தான்.

மதியம் ஒரு டேங்கர் தண்ணீரை மண்ணில் பாய்ச்சிச் சேறாக்கி, வேண்டுமென்றே வழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். முன் சக்கரம் வழுக்கினால் கார் திரும்பாமல் நேராகப் போகும். அப்போது நம் கை ஸ்டியரிங்கை இன்னும் இன்னும் திருப்பும்; அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் டயர் மறுபடி மண்ணைக் கவ்வும். பின் சக்கரம் வழுக்கினால் காரின் வால் சுற்றிக்கொண்டு வரும். அப்போது போகவேண்டிய இடத்தைப் பார்த்து அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். கேட்க எளிது. நம் உடம்பு இரண்டிலும் தப்பானதைத்தான் செய்யும். பின்லாந்தில் லைசென்ஸ் வாங்குவதற்கே வழுக்கும் சாலையில் ஓட்டுவதற்கான பயிற்சி எடுக்க வேண்டும். உலக ரேலியில் அந்தச் சின்ன தேசத்துக்காரர்கள் கொடிகட்டிப் பறப்பதில் என்ன அதிசயம்? நமக்கு எட்டு போட்டுக் காட்டினால் போதும்.

என் மகள் முதல் முறை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றாள். ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். பந்தலில் இருந்த எனக்குக் கையிலிருந்த எலுமிச்சை ஜூஸ் உள்ளே இறங்கவில்லை. மூன்றாம் முறை வால் சுற்ற ஆரம்பித்ததும் அவள் தலை முதலில் திரும்பியது, அப்புறம் கை. கார் ஒரு உலுக்கு உலுக்கி நேரானது.

"அம்மிணி புடிச்சுக்கிட்டாங்க" என்றார் பயிற்சியாளர்.

வலது காலைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? அதற்குக் காரணம் என் தம்பி. 1999-ல் அவன் ஒரு நண்பர் காரில் திருச்சியிலிருந்து ராத்திரியில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். நான்கு வழிச் சாலையெல்லாம் வருவதற்கு முந்தைய காலம். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில், விடிவதற்கு முன்னால், கார் நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்பக்கம் மோதியது. ஓட்டியவர் கண்ணசந்துவிட்டார். அவர் பிழைத்தார். இடது பக்க ஸீட்டில் இருந்தவன் தம்பி. வயது 26.

என் அம்மா அதற்குப் பிறகு யாரையும் குற்றம் சொல்லவில்லை, அதிகம் அழவும் இல்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன் முழிச்சிருந்தானாடா? லாரியப் பாத்திருப்பானா?" தூங்கியிருப்பாம்மா என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ராத்திரிப் பயணம் கிடையாது. என் காலும் அன்றிலிருந்துதான் இல்லாத பிரேக்கைத் தேடுகிறது. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. அரசாங்கக் கணக்கு. அத்தனை வீட்டிலும் இப்படி ஒரு காலோ ஒரு கேள்வியோ இருக்கும்.

சனிக்கிழமை ராத்திரி பல்லடம் லாட்ஜில் தூக்கம் வரவில்லை. மிஷேல் மூத்தோன் என்ற பிரெஞ்சுப் பெண்ணைப் பற்றி மகள் சொல்லியிருந்தாள், அதைப் படித்துக்கொண்டிருந்தேன். 1981-ல் இத்தாலியின் சான் ரெமோ ரேலியில் ஜெயித்தவர். உலக சாம்பியன்ஷிப் ரேலி ஒன்றை ஒரு பெண் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அவர் முதலில் பக்கத்து ஸீட்டில் நோட்டு வாசிக்கிறவராகத்தான் ஆரம்பித்திருக்கிறார். அதைப் பார்த்த அவருடைய அப்பா, ஓட்டுவதானால் நீயே ஓட்டு என்று ஓர் ஆல்பைன் காரை வாங்கிக்கொடுத்து, ஒரு வருஷம் டயம், அதற்குள் நிரூபி என்றாராம். 1982-ல் அந்தப் பெண் மூன்று ரேலிகளை ஜெயித்து உலக சாம்பியன் பட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ஐவரி கோஸ்ட் ரேலி தொடங்குகிற நேரத்தில் அப்பா இறந்துபோன செய்தி வருகிறது. புற்றுநோய். அம்மா, நிறுத்தாதே, ஓட்டு என்கிறார். ஓட்டினார். வெகு தூரம் முன்னணியில் இருந்து, கடைசியில் கார் மோதி நின்றுபோனது. பட்டம் வால்டர் ரோல் என்ற ஜெர்மானியருக்குப் போனது.

படித்துவிட்டு எனக்கு அந்தப் பெண்ணைவிட அந்த அப்பாவைப் பற்றித்தான் யோசனை ஓடியது. மகள் மலை ரோட்டில் ஓட்டும்போது அந்த மனிதரின் வலது கால் என்ன செய்திருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் இடது பக்க ஸீட்டுக்கான பாடம். ரேலி ஓட்டுகிறவருக்கு மேட்டுக்கு அந்தப்புறம் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொண்டு ஓட்டினால் வேகம் குறைந்துவிடும். அதனால் முதல் நாளே அந்தப் பாதையில் மெதுவாகப் போய், ஒவ்வொரு வளைவையும் குறித்துக்கொள்வார்கள். போட்டியன்று பக்கத்தில் இருப்பவர் அதை வாசிப்பார். ஓட்டுகிறவர் காதால் கேட்டு ஓட்டுவார். 1955-ல் இத்தாலியில் மில்லே மில்யா என்று ஆயிரம் மைல் பந்தயம். அதில் ஸ்டிர்லிங் மாஸுக்குப் பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்ஸன் என்ற பத்திரிகைக்காரர் உட்கார்ந்தார். பதினேழு அடிக்கு மேல் நீளமான ஒரு காகிதச் சுருளில் சாலை முழுவதையும் எழுதி, ஒரு சின்னப் பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வாசித்து, கையால் சைகை காட்டிக்கொண்டே வந்தார். மேல்கூரை இல்லாத மெர்சிடிஸ், சத்தத்தில் பேச்சு கேட்காது. 10 மணி 7 நிமிஷத்தில் முடித்தார்கள். சராசரி மணிக்கு 157 கிலோமீட்டர். ஜெயித்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் போல ஒரு பத்திரிகைக்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

குறிப்பு எழுதுவது இப்படி: வளைவு எந்தப் பக்கம், எத்தனை கடுமை. ஆறு என்றால் லேசான வளைவு, கால் எடுக்க வேண்டியதில்லை. ஒன்று என்றால் கிட்டத்தட்ட கொண்டை ஊசி. அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர். நடுவில் மேடு, பள்ளம், கல் இருந்தால் அது. நாங்கள் எஸ்டீமில் ஊர்ந்து போக, மகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதியதை வாங்கிப் பார்த்த பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சார் பத்திரிகைல எழுதறீங்களாமா?"

"ஆமாம்."

"'காற்றாலைக்கு அருகில் திடீரென்று வலது'ன்னு எழுதியிருக்கீங்க. காத்தாடி எல்லா எடத்துலயும் இருக்குதுங்க. அப்புறம் இந்தத் திடீர்னு... நீங்க முன்னாடியே சொல்றதால அது திடீர் இல்லீங்களே."

பேனாவை எடுத்து அடித்தார். மிச்சம் 'வலது 3, இறுகும்' என்று இருந்தது. என் எழுத்தைப் பல ஆசிரியர்கள் வெட்டியிருக்கிறார்கள், இத்தனை நியாயமாக யாரும் வெட்டியதில்லை.

வாசிப்பதில் நேரம்தான் கஷ்டம். ஒரு வளைவுக்குள் கார் இருக்கும்போது அடுத்த வளைவைச் சொல்லிவிட வேண்டும். ரொம்ப முன்னால் சொன்னால் மறந்துவிடும். லேட்டாகச் சொன்னால் வேலியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். கண் நோட்டில் இருக்க வேண்டும், ரோட்டில் இருக்கக்கூடாது. பாதையில் எங்கே இருக்கிறோம் என்பதைக் கார் சாய்கிற விதத்தை வைத்து இடுப்பால் தெரிந்துகொள்ள வேண்டுமாம். குரல் ஏறி இறங்கக்கூடாது. "உங்க குரல்ல பயம் வந்துச்சுன்னா அது நேரா அவங்க கால்ல போய் நிக்கும்" என்றார்.

மதியம் மூன்று மணிக்கு எங்கள் முறை. 2.4 கிலோமீட்டர். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு என்று ஆறு பெல்ட். ஹெல்மெட்டையும் தோளையும் பிணைத்துக் கழுத்து முறியாமல் காக்க ஹான்ஸ் என்று ஒரு கவசம். தலைக்குள்ளேயே கேட்கிற மாதிரி மைக். ஐந்து, நான்கு, மூன்று என்று விரல்கள் மடங்கின.

"இடது 5. 40. வலது 4. 60, மேடு."

கல் அடிப்பாகத்தில் ஆலங்கட்டி மழை மாதிரி அடித்தது. புழுதி உள்ளே வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கையெழுத்தும், அதற்குக் கீழே என் விரலும்தான். மூன்றாவது பக்கம் புரட்டும்போது அந்த இடம் வந்தது. மேட்டுக்கு மேல் கார் ஏறினால் கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும் என்று காலையில் பார்த்திருந்தோம். அதற்கு அந்தப்புறம்தான் 'வலது 3, இறுகும்'. சொன்னேன். கார் மேட்டில் இருக்கும்போதே அவள் பிரேக்கை முடித்துவிட்டது இடுப்புக்குத் தெரிந்தது. அவள் கண்ணுக்கு வளைவு தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. நான் சொன்னதை வைத்துத் திரும்பினாள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு என் பெண் நான் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டு நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால்தானோ என்னவோ அடுத்த வரியை வாசிக்கும்போது தொண்டை கொஞ்சம் அடைத்தது. குரல் ஏறி இறங்கக்கூடாது என்பதால் விழுங்கிவிட்டு, "70. இடது 6" என்றேன்.

3 நிமிஷம் 11 விநாடி. கணக்குப் போட்டால் சராசரி மணிக்கு 45 கிலோமீட்டர், டவுன் பஸ் வேகம். ஆறு ஜோடியில் நான்காவது இடம். முதலில் வந்தது திருப்பூர் தம்பதி. எப்படி என்று கேட்டதற்கு அந்த அம்மாள், "இருபது வருஷமா நான் சொல்லித்தானே அவரு திரும்பறாரு" என்றார். தாடிப் பையன்கள் இரண்டாவது வளைவிலேயே வேலிக்குள் போய்விட்டார்கள். ஒரு கீறல் இல்லை. கிளுவை முள் மட்டும் ஹெட்லைட்டில் மாட்டியிருந்தது.

இறங்கி பெல்ட்டை எல்லாம் கழற்றி நிழலில் வந்து நின்றபோதுதான் கவனித்தேன். கெண்டைக்கால் வலிக்கவில்லை. அந்த மூன்று நிமிஷமும் என் வலது கால் மிதிபலகையில் வைத்தது வைத்தபடி இருந்திருக்கிறது. பயம் இல்லாமல் இல்லை, வாய் வறண்டு போயிருந்தது. ஆனால் அந்த ஸீட்டில் சும்மா உட்கார்ந்து எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. பயத்துக்குக் கையில் ஒரு வேலை இருந்தது, அடுத்த வரி, அதற்கடுத்த வரி. அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் போய் ஆறு வருஷமாகிறது.

சாயங்காலம் பயிற்சியாளரிடம் என் பத்துக் கேள்விகளைக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். போட்டியில் ஓட்ட மோட்டார் பந்தயச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை உண்டு, தீப்பிடிக்காத உடை, முத்திரை போட்ட ஹெல்மெட் இல்லாமல் காரில் ஏறவே விட மாட்டார்கள். செலவு? அதைக் கேட்டபோது மட்டும் அவர் என்னைப் பார்க்காமல் காற்றாடியைப் பார்த்தார். "நானு இதுக்கு ஒரு காட்டையே வித்திருக்கறேனுங்க" என்றார். பிறகு, "ரேலி ஓட்டறவங்க ஊருக்குள்ள மெதுவாப் போவாங்க சார். எப்படி நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார். எல்லாரும் அப்படியா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

எனக்கு ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ். மகள்தான் தன் காரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டாள். பல்லடம் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. ஸீட்டை நிமிர்த்தி, ஒன்பதும் மூன்றுமாகக் கை வைத்து, 50-ல் ஓட்டினாள்.

"சொல்லு" என்றாள் திடீரென்று. (இந்தத் திடீர், பயிற்சியாளர் அனுமதிக்கிற திடீர்.)

"என்ன?"

"வேண்டாம்னு சொல்லத்தானே வந்த?"

"ஹெல்மெட் என்ன விலை?"

பதில் வரவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு ஒரு தொகையைச் சொன்னாள். நான் ஓட்டிக்கொண்டிருந்தால் காரை ஓரமாக நிறுத்தியிருப்பேன்.

"பாதி நான் தர்றேன். புதுசாத்தான் வாங்கணும், யாரோ போட்டதெல்லாம் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல ரோட்ல ஓட்டக்கூடாது. தூக்கம் வந்தா நிறுத்திடணும், யார் வீட்டுக் கல்யாணமா இருந்தாலும்."

"சரிப்பா."

"அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ."

அதற்கு மட்டும் சரி என்று சொல்லவில்லை. தூரத்தில் ஒரு வேகத்தடை தெரிந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"30, மேடு" என்றேன்.

"அப்பா, அது கண்ணுக்கே தெரியுதுப்பா."